யாரு போட்ட ஆர்டர்

மத்தியானம் கரண்ட் போனால் எங்கள் தெருவில் எல்லோரும் விசிறியைத் தேடுவார்கள். அவர் மட்டும் வாசலுக்கு வந்து நின்று, "யாரு ஆர்டர் போட்டது?" என்று கேட்பார். போன மாதம் போட்ட ரோட்டை இந்த மாதம் தோண்டினாலும் அதே கேள்விதான். கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்கு முன்னால் மோர் வந்துவிட்டாலும் விட மாட்டார். பரிமாறுகிற ஆள் பாவம், வாளியோடு நின்று முழிப்பான்.

"மேலேர்ந்து சொன்னாங்க" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள்.

"மேலன்னா? மேல காக்கா தான் கீது. ஆளு யாருன்னு சொல்லு."

கோபமாகக் கேட்பார் என்று நினைக்க வேண்டாம். குரல் ஏறாது. பதில் வரும்வரை அங்கேயே நிற்பார், அவ்வளவுதான். பதில் வந்துவிட்டால் "செரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஆளைப் பார்த்துச் சண்டை போட்டார், மனு எழுதினார் என்றெல்லாம் எதுவும் கிடையாது. தெருவில் பாதிப் பேருக்கு இது வேடிக்கை, மீதிப் பேருக்கு எரிச்சல். எனக்கு இரண்டும் இருந்தது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் மனைவி, எனக்கு அண்ணி முறை, இன்னும் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார்பு உயரத்துக்கு ஒரு மதில்.

அவர் சர்க்கரை ஆலையில் ஃபீல்டுமேன். கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கரும்பு போடுகிற எல்லோருக்கும் ஃபீல்டுமேன் என்றால் யார் என்று தெரியும். பயிர் எவ்வளவுதான் ஓங்கி நின்றாலும் ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வராமல் ஒரு கழியை வெட்ட முடியாது. எந்தக் கரும்புக் கொல்லை முதலில், எது பிறகு, வெட்டாள் எப்போது வருவார்கள் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கிறது. கொல்லையைப் பார்த்து அதை எழுதுகிற ஆள் அவர்.

அவர் எழுதுகிற விதத்தைப் பார்த்து மற்ற ஃபீல்டுமேன்கள் சிரிப்பார்களாம். முதலில் மோட்டார் கொட்டகைக்குப் போய் மெயின் பலகையிலிருந்து ஃபீஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அப்புறம் வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கொல்லைக்குள் இறங்கி, ஒரு பாத்தி விடாமல் நடப்பார். அடுத்தவன் வெள்ளாமையைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது அவர் வீட்டுப் பழக்கம். கரும்புக்கட்டை குத்தும், சோகை இலை அறுக்கும், அதெல்லாம் கணக்கே இல்லை. நடந்து முடித்துப் பத்து இடத்தில் சாறு பிழிந்து இனிப்பு எவ்வளவு என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார். சில நாள் ஃபீஸ் கேரியரைத் திருப்பி மாட்ட மறந்து வீட்டுக்கே கொண்டு வந்துவிடுவார். கொல்லைக்காரர் பின்னாலேயே வண்டியில் துரத்திக்கொண்டு வருவார்.

"கரையில நின்னுகினு ஆர்டர் போடக் கூடாதும்மா," என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "எறங்கணும். எறங்கிப் பாத்தவன் தான் ஆர்டர் போடணும்."

நான் ஒரு பயாப்ஸி லேபில் டெக்னீசியன். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டு எங்களிடம் வரும். அதை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பேன். பார்த்து முடிவு சொல்வது டாக்டர். ஆனால் எங்கள் தெருவில் நான் பாதி டாக்டர். கொப்புளம், தேமல், தலைசுற்றல், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, எல்லாவற்றுக்கும் மதில் மேலாக என்னிடம்தான் கேட்பார்கள். "எனக்குத் தெரியாது, டாக்டரப் பாருங்க" என்று நான் சொன்னது குறைவு. பதில் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் துவைக்கிற கல்மேல் காலைத் தூக்கி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே இறக்கிக்கொண்டார். ஒருவர் எதிரில் காலைக் காட்டுவது அவருக்கு ஆகாது.

"இன்னாண்ணா, முள்ளா?"

"முள்ளுதான்னு நெனச்சேன். கறுப்பா கீது, போவ மாட்டன்னுது. உனக்குத் தெரியுமா பாரேன்."

சங்கடத்தோடு குதிகாலைக் கொஞ்சம் திருப்பினார். நான் கையில் ஈரப் புடவையோடு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கறுப்பு. கட்டைவிரல் நக அளவு. ஓரம் சீராக இல்லை, ஒரு பக்கம் வழிந்த மாதிரி இருந்தது. இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் பார்த்தது நாலு நொடி இருக்கும்.

"காலாணிண்ணா. மெடிக்கல்ல கார்ன் கேப்னு பிளாஸ்திரி கேளுங்க. ஒட்டுங்க, உரிஞ்சி வந்துரும்."

"செரிம்மா," என்றார்.

அவர் ஆர்டரை மீறுகிற ஆள் இல்லை. பெட்டியில் போட்டிருந்தபடி நாள் தவறாமல் மாற்றி மாற்றி ஒட்டினார். இரண்டு மாதம் கழித்து, "தோலு உரியுது, கறுப்பு போவலியேம்மா" என்றார். அப்போதாவது மதிலைச் சுற்றிப் போய்க் குனிந்து பார்த்திருக்கலாம். பத்து எட்டு வைக்கிற தூரம். லேபுக்கு நேரமாகிவிட்டது. "ஆணி ஆழமா கீதுண்ணா. இன்னும் ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினேன்.

கரும்பு சீசன் முடிகிற நேரத்தில் அது புண்ணாகிச் செருப்பில் இரத்தம் ஒட்டியது. அவராகவே ஒரு சர்ஜனிடம் போனார். சர்ஜன் ஒரு துண்டு வெட்டி எங்கள் லேபுக்கு அனுப்பினார். பாட்டிலோடு வந்த சீட்டில் வயது, முகவரி, "குதிகால், கறுப்பு, புண்" என்று எழுதியிருந்தது. முகவரியை இரண்டு தடவை படித்தேன். அந்தத் துண்டை மெழுகில் புதைத்ததும் சீவியதும் நான்தான். வேறு ஆளிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை.

லேப் டாக்டர் பார்த்துவிட்டு, உறுதிப்படுத்தத் துண்டைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பச் சொன்னார். இந்த மாதிரிப் பரிசோதனைக்குப் பழுப்புச் சாயம்தான் வழக்கம். ஆனால் தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லில் ஏற்கெனவே பழுப்பு அடைத்திருக்கும், எது சாயம் எது சொந்த நிறம் என்று தெரியாது. அதனால் சிவப்பு போடுவார்கள். திரும்பி வந்த கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் சிவப்பு. ரிப்போர்ட்டில் சாக்ஸ்-10 பாசிட்டிவ், மெலனோமா என்று எழுதியிருந்தது. தோலில் வருகிற புற்றுநோயில் மோசமானது.

அவர் ரிப்போர்ட்டை மதில் மேல் விரித்துவைத்து அந்த ஒரு வார்த்தையில் விரலை ஊன்றினார்.

"சாக்ஸா? நான் ஜென்மத்துல சாக்ஸ் போட்டதில்லயே."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றேன். உடம்பில் எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே புத்தகம். கண்ணுக்கும் அதுதான், குதிகாலுக்கும் அதுதான். எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லச் சில புரதங்கள் இருக்கின்றன. டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்பார்கள். அது போய் அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் அந்தப் பக்கம் படிக்கப்படும். நிறம் தருகிற செல்லில் சாக்ஸ்-10 என்று ஒன்று. அது சொன்னால் மிட்ஃப் என்று இன்னொன்று எழுந்திருக்கும். நிறத்தைச் செய், வளர், சாகாதே என்பதெல்லாம் இவற்றின் பேச்சு. நோய் வந்த செல்லும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது.

அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"அப்போ பயிர் பூரா நிக்குது. எந்தக் கொல்லைய வெட்டறதுன்னு சீட்டு எழுதறவன் அவன்."

"ஆமாண்ணா."

"நம்ம உத்தியோகக்காரன் தான்." குனிந்து குதிகாலைப் பார்த்தார். "எறங்கிப் பாக்காம எழுதிட்டான் போலக்கீது."

நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அந்தப் பிளாஸ்திரிக்கு யார் ஆர்டர் போட்டது என்று கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவரோடும் அண்ணியோடும் நானும் போனேன். அங்கே பேசுகிற பேச்சு எனக்குப் பழக்கம் என்று அண்ணி கூப்பிட்டார். டாக்டர் நல்ல மனுஷி. காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துப் பார்த்தார். இவர் கூச்சத்தில் "வேணாம்மா, வேணாம்மா" என்று காலை இழுத்துக்கொண்டே இருந்தார்.

"இத்தனை மாசம் ஏங்க வுட்டுட்டீங்க? முன்னாடியே வந்திருந்தா கதையே வேற."

நான் அவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். உலகத்தில் யாருடைய ஆர்டரையும் பெயர் கேட்காமல் விடாத மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சீசன் டாக்டர். டைம் இல்ல. வுட்டுட்டேன்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

குதிகாலில் பாதியை எடுத்துத் தொடைத்தோலை வைத்து மூடினார்கள். தொடை இடுக்கில் நெறிகட்டியிருந்ததையும் எடுத்தார்கள். கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் என்னை மலைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அண்ணிக்கு முட்டிவலி, மலைப் பஸ்ஸின் குலுக்கல் ஆகாது. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைப் பக்கம் போகிற பஸ்ஸில் போனோம். கல்வராயன் மலையிலிருந்துதான் அவருக்கு வெட்டாட்கள் வருவார்கள். அதனால் யாரோ மேஸ்திரியைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

ஒரு வீட்டு முன்னால் கேழ்வரகு அடிக்கிற களம். களத்து ஓரத்தில் நின்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தைச் செருப்பைக் கழற்றினார்.

"அண்ணா, புண்ணு!" என்று கத்தினேன்.

"களம்மா இது," என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி வெறுங்காலோடு நடந்தார்.

ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் வெளியே வந்தார். "வாங்க" என்றார். கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தார். கால் என்ன ஆயிற்று என்று கேட்டார். இவர் "புண்ணு" என்றார். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். இதற்காகவா இந்தக் காலோடு இத்தனை வளைவு ஏறி வந்தோம் என்று எனக்கு எரிச்சல்.

இறங்குகிற பஸ்ஸில் அவராகவே சொன்னார்.

"அந்தம்மா வூட்டுக்காரரு எங்கிட்ட வெட்டாளு. ரொம்ப வருசம் ஆவுது. ஒரு நாளு மூணு கொல்லைக்குச் சீட்டு எழுத வேண்டியது. கடைசிக் கொல்லைக்குள்ள நான் எறங்கல. கரையில நின்னு பாத்தேன், எழுதிட்டேன். காட்டுப்பன்னிக்குன்னு உள்ள கம்பி கட்டி கரண்ட் வுட்டிருந்தான் கொல்லைக்காரன். காலையில இந்த ஆளு தான் மொதல்ல எறங்கினாரு."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கேஸு கொல்லைக்காரன் மேல போச்சு. சீட்டு எழுதினது யாருன்னு யாருமே கேக்கல. இந்தம்மாவும் கேக்கல. அதுக்குத் தெரியும், கேக்கல. வருசா வருசம் வந்து குந்தறேன், கஞ்சி குடுக்குது. ஒரு வாட்டி கேட்டிருந்தா நாந்தாம்மான்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தா நெஞ்சுல இருக்கறது போயிருக்கும்."

"நீங்களே சொல்லலாமேண்ணா," என்றேன். எந்த வாயால் அதைச் சொன்னேனோ தெரியவில்லை.

"கேக்காம சொல்றதுக்குத் தெம்பு வேணும்மா," என்றார்.

சட்டைப் பையில் ஃபீஸ் கேரியரோடு அவர் ஏன் திரிந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 

அடுத்து நுரையீரலில் வந்தது. பாண்டிச்சேரி டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சீட்டு எழுதறவன வேலைய வுட்டுத் தூக்க மருந்து கீதுங்களா?" டாக்டருக்குப் புரியவில்லை, நான் விளக்கினேன். டாக்டர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேராக அந்தப் புரதத்தைப் பிடிக்க முடியாது, மருந்து போய் உட்கார அதில் குழி மாதிரி ஓர் இடம் வேண்டும், அது இல்லை என்றார். ஆனால் அதற்கு மேலேயிருந்து "வளர் வளர்" என்று தகவல் போகிற வழி ஒன்று இவர் கட்டியில் பழுதாகித் திறந்தே கிடக்கிறது. எல்லோருக்கும் அப்படி இருக்காது, இவருக்கு இருக்கிறது. அதை அடைக்க மாத்திரை உண்டு.

மாத்திரை கேட்டது. அப்படிக் கேட்டது. ஸ்கேனில் நுரையீரல் புள்ளிகள் சுருங்கிவிட்டன. அவர் மறுபடியும் வாசலில் நின்று கரண்ட்காரர்களைக் கேள்வி கேட்டார். அண்ணி திருக்கோவிலூர்க் கோயிலுக்குப் போய் வேண்டுதல் செலுத்திவிட்டு வந்தார். நான் மட்டும் லேப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாத்திரை சில மாதம்தான் கேட்கும் என்று அதில் போட்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் ஓடியிருக்கும். தொடை இடுக்கில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஓர் உருண்டை. பாண்டிச்சேரி டாக்டர் சொன்னபடி இங்கேயே எடுத்தார்கள். மறுபடியும் எங்கள் லேப், மறுபடியும் நான். பாண்டிச்சேரி போய்த் திரும்பி வந்த கண்ணாடியில் சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாகத் தெரிந்தது. செல்கள் மட்டும் குறையவில்லை.

"சீட்டு எழுதறவன் போன வாட்டி அவ்ளோ எடத்துல இருந்தானே, எங்க போனான்?" என்று, நான் விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்.

"மாத்திரை வந்ததும் சில செல்லுங்க அவனையே கைவுட்டுடும்ணா. பெருகாது, ஒண்ணும் பண்ணாது, கம்முனு கெடக்கும். மாத்திரைக்கு அது அகப்படாது. அப்பறம் வேற யாராவது சீட்டு எழுத வருவான்."

"வெட்டினப்பறம் கரும்புக்கட்டை மண்ணுக்குள்ள கெடந்து தழையுமே, அது மாதிரி."

"ஆமாண்ணா."

"கட்டக் கரும்பு மொதப் பயிரவிட வெரசா வரும்மா," என்றார். அவருக்குத் தெரியாத விஷயமா.

வேகமாகத்தான் வந்தது. பிறகு போட்ட மருந்து எதுவும் அதைப் பிடிக்கவில்லை. கட்டிலோடு ஆனார். கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற நான் தினமும் லேபுக்குப் போகும் முன்னால் போவேன். மதிலைச் சுற்றி அந்தப் பத்து எட்டை இப்போது ஒரு நாள் தவறாமல் நடந்தேன். குனிந்து, அருகில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கட்டு போட்டேன். அவர் இப்போது காலை இழுத்துக்கொள்வதில்லை.

ஒரு நாள் காலை அண்ணி சமையல்கட்டில் மிக்ஸியைப் போட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்னாம்மா."

"சொல்லுங்கண்ணா."

"அந்தக் காலாணிப் பிளாஸ்திரி." மூச்சு வாங்கினார். "யாரு ஆர்டர் போட்டது?"

கையில் பஞ்சு இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"நாந்தாண்ணா."

"எறங்கிப் பாத்தியா, கரையில நின்னுகினா?"

"கரையில நின்னுகினுதான்ணா. ரெண்டு வாட்டியும்."

"செரி," என்றார். என் கைமேல் அவர் கையை வைத்தார், எடை இல்லாத கை. "கேட்டுட்டேன். போயிரும்."

மிக்ஸி நின்றது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "இன்னா பேசிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

"கரண்ட்டு பத்தி," என்றார் அவர்.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். சட்டைகளைத் தானம் கொடுக்க எடுத்தபோது ஒரு பையில் யார் கொல்லையிலிருந்தோ பிடுங்கி வந்த ஃபீஸ் கேரியர் இருந்ததாம். யாருடையது என்று தெரியாமல் அண்ணி அதை அலமாரியில் வைத்திருக்கிறார்.

என்னிடம் இருந்ததும் அப்படியே இருக்கிறது. அவர் கேட்டார், நான் சொன்னேன், போகவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது அவர் போட்ட கணக்கு தப்பு. என்ன செய்வது, அவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே கிடைத்ததில்லை.

துணி காயப்போடுகிற நேரத்தில் அண்ணி மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசுவார். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

"சீசன் சீசன்னு கால பாக்காம வுட்டுட்டாரே, பாவி மனுசன். ஊரெல்லாம் யாரு ஆர்டர், யாரு ஆர்டர்னு கேட்டாரு. தனக்குத் தானே ஆர்டர் போட்டுகினு போயிட்டாரு."

அண்ணி என்னை ஒன்றும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நான் புடவையை உதறிக் கொடியில் போடுகிறேன்.